ஒன்பதாவது முனை

மார்லிஸ் ஹாகென் எங்கள் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். அவளைப் பற்றி அச்சில் இருப்பது இரண்டே வாக்கியங்கள். ஒன்று புகழ்ச்சி, மற்றது பழி. இரண்டுமே பொய். அந்த இரண்டுக்கும் மேலே, கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில், என் பெயரும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் எங்கள் பல்கலைக்கழக ஊருக்கு வடக்கே, ஏரிகள் பக்கத்துப் பெண். பால் கூட்டுறவு ஆலையின் சோதனைக்கூடத்தில் பாலில் கிருமி எண்ணிக்கொண்டிருந்தவள். ஆலையை மூடியபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் ஆரின் காகித ஆலையில் ஷிப்டு வேலை. மகள் சோல்வைக்குப் பத்து வயது. பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர் தேவை என்று பத்திரிகையில் வந்திருந்த நான்கு வரியைப் பார்த்து விண்ணப்பித்தாள். பேராசிரியர் லோவெல் ஃபெர்ரிஸ் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "ஞாயித்துக்கிழமையும் வருவியா?"

"மாட்டுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது டாக்டர்" என்றாளாம் மார்லிஸ். அன்றே வேலை கிடைத்தது.

வேலை கேட்க எளிது. எட்டுக் கண்ணாடிக் குடுவைகள். எட்டிலும் ஒரே தாயிலிருந்து வந்த பாக்டீரியா. கொஞ்சம் சர்க்கரை கரைத்த உப்பு நீரில் அவை இரவெல்லாம் பெருகும். விடிவதற்குள் சர்க்கரை தீர்ந்து பசியோடு கிடக்கும். காலை பத்து மணிக்கு ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவையில் விட வேண்டும். மீண்டும் பெருகும், மீண்டும் பசி. ஒரு நாளில் ஏறக்குறைய ஏழு தலைமுறை. எழுபத்தைந்து நாளுக்கு ஒருமுறை எட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஃப்ரீசரில் உறைய வைத்தால், பாட்டனும் பேரனும் அருகருகே கிடப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுப்பி ஓடவிட்டு யார் வேகம் என்று பார்க்கலாம். எட்டு உலகங்களில் பரிணாமம் ஒரே வழியில் போகுமா, எட்டு வழியில் போகுமா என்பதுதான் ஃபெர்ரிஸின் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டுமானால் எட்டு உலகங்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. அதைப் பார்த்துக்கொண்டது மார்லிஸின் கை. ஒவ்வொரு குடுவைக்கும், திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டில் புது பிளாஸ்டிக் முனை மாட்டுவாள். அடையாளத்துக்காகச் செய்து வைத்த ஒரு சிறு மாற்றத்தால், ஒற்றைப்படை எண் குடுவைகளில் இருந்தவை சோதனைத் தட்டில் சிவப்புப் புள்ளிகளாக வளரும். இரட்டைப்படை வெள்ளை. ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மாற்றி மாற்றித்தான் எடுப்பாள். பக்கத்துக் குடுவை கலந்துவிட்டால் தட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நான் தொண்ணூற்றாறில் அங்கே போய்ச் சேர்ந்தேன். தில்லைநாயகம் என்ற என் பெயரை முதல் நாள் நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மார்லிஸ் கையை உதறினாள். "முடியலப்பா. டில்னு கூப்பிடறேன். வெள்ளரிக்கா ஊறுகாயில போடற தழை. எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும்." அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுவதற்கும் நான் டில். இருவருக்கும் ஒரே வயது. பேச்சு நீ, நான்தான். ஃபெர்ரிஸை மாணவர்கள் உட்பட எல்லோரும் லோவெல் என்றே அழைத்தார்கள். மார்லிஸ் மட்டும் கடைசிவரை டாக்டர் என்றாள்.

"எங்கப்பாவுக்கு நாப்பது மாடு. முப்பது வருஷம் ஊரத் தாண்டினதில்ல" என்பாள். "எனக்கு எட்டே எட்டு. பால் கறக்காது, கன்னு மட்டும் போடும். அதுவும் ஒரு நாளைக்கு ஏழு தரம்."

கிறிஸ்துமஸ் அன்று தேவாலயத்திலிருந்து நேராக வருவாள். அவள் தங்கையின் கல்யாணம் சியாட்டிலில் நடந்தபோது போகவில்லை. ஆரின் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வான்: "எங்க வீட்டுல நான் ஒம்பதாவது குடுவை. எனக்கும் தினம் நூறுல ஒரு பங்குதான் கெடைக்குது."

தொண்ணூற்றெட்டு பிப்ரவரி கடைசி வாரம், வியாழக்கிழமை, பாக்டீரியா பத்தாயிரமாவது தலைமுறையைத் தொடும் என்று கணக்கு. நிதி தருகிறவர்களின் குழு ஒன்று அதே நாளில் வருவதாக ஏற்பாடு. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் சொல்லியாகிவிட்டது. ஃபெர்ரிஸ் இரண்டு வாரமாகவே நிலைகொள்ளாமல் இருந்தார்.

அந்த வருடம் குளிர்காலமே சரியாக வரவில்லை. பிப்ரவரியிலேயே கூரைகள் சொட்டின. உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்க வைக்கும் மரக்குடிலை மாதக் கடைசிக்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும் என்பது சட்டம். திங்கட்கிழமை மத்தியானம் ஆரின் தன் பிக்கப் வண்டியோடு பர்ச் ஏரியின் ஐஸ் மேல் போனான். திரும்பவில்லை. இருட்டும் நேரத்தில் குடிலுக்கு நூறு அடி இந்தப் பக்கம் ஐஸில் ஒரு கறுப்புத் துளை இருப்பதைப் பார்த்தார்கள்.

செவ்வாய் காலை வானொலியில் செய்தி வந்துவிட்டது. நான் ஃபெர்ரிஸின் அறைக்குப் போனேன்.

"லோவெல், இன்னிக்கு நான் மாத்தறேன்."

"போன மாசம் ரெண்டு தட்டக் கெடுத்தது யாரு?"

"அப்ப குடுவைங்கள ஃப்ரிட்ஜில வெச்சிடலாம். ரெண்டு நாள் தாங்கும். ஒண்ணும் ஆகாது."

"வியாழக்கிழமை பத்தாயிரம்னு சொல்லியாச்சு டில். ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுக்கு யாரும் விமானம் ஏறி வரமாட்டாங்க."

என் எதிரிலேயே போனை எடுத்தார். ஏரியில் தேடுகிறவர்களுக்குக் காப்பி போட்டு எடுத்துப்போக மார்லிஸ் வீட்டுக்கு வந்திருந்த நேரம். "மார்லிஸ், எனக்கு இதக் கேக்கவே கூசுது" என்று ஆரம்பித்தார். குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "ஒரு மணி நேரம் போதும். எட்டுக் குடுவைதான். உன் கை மாதிரி வேற கை இங்க இல்ல."

அவள் வந்தாள். மகளைக் கரையில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்தாள். குளிர்கால மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, கை கழுவி, உட்கார்ந்தாள். "எதுக்கு வந்த?" என்றேன்.

"அங்க நின்னு ஓட்டையப் பாத்துட்டே இருக்கணும். இங்கயாவது கைக்கு வேலை இருக்கு" என்றாள்.

ஐந்தாவது குடுவையில் இருந்தபோது சுவரில் இருந்த போன் அடித்தது. நான் எடுத்தேன். ஷெரிஃப் அலுவலகம். அவளிடம் கொடுத்தேன்.

"ஆமா. ஆமா. சரி. நல்லதுங்க, ரொம்ப நன்றி."

போனை வைத்தாள். "கண்டுபிடிச்சுட்டாங்க. வண்டிக்குள்ளயேதான் இருக்கார். சீட் பெல்ட் போட்டிருக்கார். ஐஸ் மேல யாராவது பெல்ட் போடுவாங்களா டில்?"

"நீ கிளம்பு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"இன்னும் நாலுதான்."

திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பிப்பெட்டில் புது முனை மாட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் முடித்து, பழைய குடுவைகளை வழக்கம்போல் ஒரு நாள் காப்புக்காக ஃப்ரிட்ஜில் வைத்து, மேசையைத் துடைத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை. எட்டரைக்கே வந்து நின்றாள். அப்போது ஃபெர்ரிஸ் ஆய்வகத்தில் விருந்தினர் நாற்காலிகளை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் காப்பியோடு நின்றிருந்தேன்.

அவள் பிப்பெட் முனைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். "டாக்டர், இதப் பாருங்க. ஒரு வரிசையில எட்டு முனை. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. நேத்து ஒம்பது எடுத்திருக்கேன்."

"எண்ணிக்கை தவறியிருக்கும்."

"இல்ல. ராத்திரி படுத்ததும் ஞாபகம் வந்துச்சு. அஞ்சாம் குடுவைல விட்டு முடிச்சப்புறம்தான் போன் வந்துச்சு. திரும்பி வந்தப்ப அத விட்டாச்சுன்னு மறந்துட்டேன். மறுபடி ஒரு முனை மாட்டினேன். கையில மூணாம் நம்பர் குடுவை இருந்துச்சு. மூணு ஏன் கையில இருக்குன்னு நெனச்சது நல்லா ஞாபகம் இருக்கு. இப்ப பழைய மூணாம் குடுவைய அளந்து பாத்தேன். ஒரு சொட்டு குறையுது. மூணாம் குடுவை அஞ்சுல கலந்துடுச்சு."

அவள் பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். நேற்றைய பக்கத்தின் கீழே இதையெல்லாம் எழுதித் தேதியும் நேரமும் போட்டிருந்தாள்.

"பழைய அஞ்சு ஃப்ரிட்ஜில பத்திரமா இருக்கு" என்றாள். "அதுலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சாப் போதும். அஞ்சு மட்டும் ஒரு நாள் பின்னால வரும். அவ்வளவுதான்."

அவ்வளவேதான். ஒரு புதுக் குடுவை, ஒரு முனை, ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு நடந்த எதுவுமே நடந்திருக்காது.

ஃபெர்ரிஸ் முனைப் பெட்டியை மூடினார். அவள் தோளில் கை வைத்தார்.

"மார்லிஸ், தட்டுல அஞ்சு சுத்தமா சிவப்பா இருக்கு."

"மூணும் சிவப்புதானே டாக்டர். தட்டு எப்படிச் சொல்லும்?"

"நீ உன் புருஷன இழந்துட்டு நிக்கற. மனசு இந்த மாதிரி நேரத்துல இல்லாத தப்பெல்லாம் தேடி எடுக்கும். தண்டனை வேணும்னு அலையும். நீ தப்பு பண்ணல. வீட்டுக்குப் போ. பதிவேட்ட நான் பாத்துக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் காப்பியைக் குடித்தேன். என் விசா அந்த மே மாதம் முடிகிறது. நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஃபெர்ரிஸ். அந்த வினாடியில் நான் நினைத்தது இது ஒன்றைத்தான்.

வியாழக்கிழமை எட்டுக் குடுவைகளும் ஒரே எண்ணில் நின்றன. கேக்கின் மேல் பத்தாயிரம் என்று எழுதியிருந்தது. பத்திரிகைப் படத்தில் ஃபெர்ரிஸ் ஐந்தாம் குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். ஏன் ஐந்து என்று கேட்காதீர்கள். கைக்கு எட்டியது அது.

சனிக்கிழமை அடக்கம். லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் ஹாட்டிஷ் என்று அங்கே சொல்லும், அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்குக் கலவையும் வைத்திருந்தார்கள். ஃபெர்ரிஸ் வந்து, மார்லிஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவள் அவருக்கு நன்றி சொன்னாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தபோது அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம் இல்லை. தையலை ஒட்டி பிளேடால் அறுத்த விளிம்பு மட்டும் இருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டாள். நானும் அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, எட்டுப் புதுக் குடுவைகளை எடுத்து வைத்தேன். அவளுக்குப் பதினான்கு வயது மகளும் வீட்டுக்கடனும் மட்டும்தான் மிச்சம்.

பிறகு ஏழு ஆண்டுகள் ஓடின. ஒரு ஆறு வாரக் காய்ச்சல் தவிர அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த வாரங்களிலும் முகமூடி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "கைய உடம்போட ஒட்டி வெச்சுக்க. முனை சுவத்தத் தொடக்கூடாது. மூச்ச இழுத்துப் பிடி. அட, பொணம் மாதிரி பிடிக்கச் சொல்லல, பால் கறக்கற மாதிரி பிடி."

இரண்டாயிரத்து ஐந்தில் மூன்றாம் குடுவைக்காரர்கள் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு வேகமாகப் பெருகுகிறார்கள் என்று தெரிந்தது. ஐந்தாம் குடுவைக்காரர்களும் அதேபோல. காரணமான மரபணுவைத் தேடி எடுத்தோம். இரண்டிலும் அதே மரபணு. அதில் அதே இடம். அதே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருந்தது. லட்சக்கணக்கான எழுத்துகளில் ஒரே எழுத்து, ஒன்றையொன்று தொடாத இரண்டு உலகங்களில். ஃபெர்ரிஸ் அந்த முடிவைக் கையில் வாங்கியபோது அழுதார். பரிணாமம் ஒரே பாதையில் இரண்டு முறை நடந்திருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லப்போகிறவர் அவர்.

அன்று சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் மார்லிஸ் என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லாம வேற எப்படி இருக்கும் டில்? நான்தானே எடுத்து விட்டேன். மூணாம் வீட்டுக்காரன் அஞ்சாம் வீட்டுக்குள்ள பூந்து, வீட்டுக்காரனத் தொரத்திட்டு உக்காந்திருக்கான். இது பரிணாமம் இல்ல, ஆக்கிரமிப்பு."

"லோவெல்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்படி ஒரு பதிவே இல்லியேங்கறார். ஞாபகம் மனுஷன ஏமாத்தும்னு சொல்றார். ஏழு வருஷமா கெடையாய்க் கெடந்து நான் யோசிச்சத அவர் ஏழு நிமிஷத்துல மறந்துட்டார்." பிறகு, "நீ ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேர் சொன்னதாகும்" என்றாள்.

என் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் அப்போது போயிருந்தது. கட்டுரையில் என் பெயர் இரண்டாவது. "பாக்கறேன்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அந்த ஊரில் என்ன அர்த்தமோ நம் ஊரிலும் அதேதான்.

வெளியிடும் முன் கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர்கள் நியாயமாகவே கேட்டார்கள், கலப்பு நடந்திருக்க வாய்ப்பில்லையா என்று. ஃபெர்ரிஸ் எழுதிய பதில்தான் அச்சேறிய முதல் வாக்கியம்: பதினோரு ஆண்டுகளில் ஒரு தவறுகூடப் பதிவாகாத மார்லிஸ் ஹாகெனின் பிசகாத கைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். அவள் அதைப் பாத்திரம் கழுவும் அறையில், சோப்பு டப்பாக்களுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அந்தக் கட்டுரை பாடப்புத்தகங்களுக்குள் போனது. ஃபெர்ரிஸுக்குப் பதக்கம் வந்தது. எனக்கு நிரந்தர வேலை வந்தது. மார்லிஸ் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு மூன்றையும் ஐந்தையும் தனித்தனி முனையால், ஒரு சொட்டு சிந்தாமல், மாற்றிக்கொண்டே இருந்தாள். எதற்கு இவ்வளவு கவனம், இனி கலந்தாலும் ஒன்றுதானே என்று ஒருமுறை கேட்டேன். "மத்த ஆறு இருக்குல்ல" என்றாள். "அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

பிறகு மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் இயந்திரங்கள் மலிவாயின. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மேற்குக் கரையிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் எங்கள் ஃப்ரீசர் மாதிரிகள் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கேட்டார். ஃபெர்ரிஸ் பெருமையோடு அனுப்பினார். ஆறு மாதத்தில் அந்த ஆய்வாளரிடமிருந்து மரியாதையான கடிதம் வந்தது. ஒன்பதாயிரத்து ஐந்நூறாவது தலைமுறை வரை மூன்றும் ஐந்தும் வேறு வேறு. பத்தாயிரத்தில் ஐந்துக்குள் பாதிப் பேர் மூன்றிலிருந்து வந்தவர்கள். பத்தாயிரத்து ஐந்நூறில் எல்லோருமே மூன்று. பயனுள்ள அந்த ஒரு எழுத்து மட்டுமல்ல, எந்தப் பயனுமில்லாத பதினாறு எழுத்துப் பிழைகளும் அப்படியே அதே இடங்களில் இருந்தன. பதிவேட்டில் பக்கத்தை அறுக்கலாம். பாக்டீரியா தன் பக்கத்தை அறுக்கவிடாது.

பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவில் மூன்று பேர். மார்லிஸ் நடந்ததைச் சொன்னாள். பதிவேட்டைக் கொண்டுவந்து அறுபட்ட விளிம்பைக் காட்டினாள். ஃபெர்ரிஸ் அந்தப் பக்கத்தில் காப்பி கொட்டி வீணாகிவிட்டதால் யாரோ எடுத்திருக்கலாம் என்றார். அவளை அவர் திட்டவில்லை. "பாவம், அந்த வாரம் அவ புருஷன் செத்துப்போயிருந்தார். நான்தான் அவள வரவிட்டிருக்கக் கூடாது" என்றார். குழுவினர் தலையசைத்தார்கள். அவ்வளவு நல்ல மனிதர்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "அவங்க அப்ப இதச் சொன்னாங்களா? நீங்க அந்த அறையில இருந்ததா சொல்றாங்க."

விசாப் பயம் எப்போதோ போய்விட்டது. நான் அந்த நாட்டின் குடிமகன். மகன் கல்லூரியில். ஃபெர்ரிஸுக்குப் பிறகு ஆய்வகம் எனக்கு என்று வாய்மொழியாக முடிவாகியிருந்தது. முதல் இரண்டு தடவைக்கும் ஏதோ காரணம் சொல்லிக்கொள்ள முடியும். இந்த மூன்றாவது தடவைக்கு நாற்காலியைத் தவிர ஒன்றும் இல்லை.

"எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு மெல்லிசு. கேட்டிருக்கிறது.

"ஜன்னல்கிட்ட நின்ன" என்றாள். "நீலக் கோப்பை. பிடி உடைஞ்சது. ரெண்டு வாய் குடிச்ச. எனக்கு ஞாபகம் இருக்கு டில்."

அவளாக ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்தால் நடவடிக்கை எதுவும் இருக்காது என்றார்கள். ஐம்பத்தொரு வயது. அன்று மத்தியானமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணையால் காலையில் தள்ளிப்போன குடுவைகளை மாற்றிவிட்டுத்தான் போவேன் என்றாள். பாதுகாவலர் ஒருவர் பக்கத்தில் நிற்க, எட்டையும் மாற்றினாள். இரண்டு மாதம் கழித்து, கட்டுரையை வெளியிட்ட இதழில் திருத்தம் வந்தது. அதுதான் இரண்டாவது வாக்கியம்: ஐந்தாம் குடுவையில் நேர்ந்த கலப்புக்கு, உதவியாளர் ஒருவர் செய்து தெரிவிக்காமல் விட்ட தவறே காரணம், அவர் இப்போது பணியில் இல்லை. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தச் சிறிய உலகத்தில் முதல் வாக்கியத்தைப் படித்த எல்லோருக்கும் பெயர் தெரியும். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். பதிலே வரவில்லை. கடைசியில் அவள் ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் சோதனை வேலை கிடைத்தது. சாக்கடையில் கிருமி எண்ண வேண்டும்.

ஃபெர்ரிஸ் ஓய்வு பெற்றபோது பெரிய விருந்து நடந்தது. நானே பேசினேன். திருத்தத்தை அவர் எவ்வளவு நேர்மையாக ஏற்றுக்கொண்டார் என்பதை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவர் பெயரில் இப்போது ஒரு அரங்கம் இருக்கிறது.

அவர் போன மார்ச்சில் இறந்தார். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மார்லிஸைப் பார்க்கப் போனேன். போன் செய்யாமல் போனேன், செய்தால் வராதே என்பாளோ என்று. கதவைத் திறந்தவள் முகம் மாறவில்லை. "வா, வா. ரோடு எப்படி இருந்துச்சு?" என்றாள். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள் வைத்தாள். முக்கால் மணி நேரம் பனி உருகுவது பற்றி, பக்கத்து வீட்டுக் கூரை பற்றி, சோல்வைக்குப் பிறந்த இரட்டையர் பற்றிப் பேசினாள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் "இன்னொரு துண்டு எடுத்துக்க" என்றாள். அந்தப் பக்கத்து ஆட்கள் கதவைச் சாத்துவது இப்படித்தான்.

கடைசியில் நான் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சொன்னேன். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மார்லிஸ். எழுதிக் குடுக்கப் போறேன். பல்கலைக்கழகத்துக்கும் அந்த இதழுக்கும்."

அவள் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "இப்ப யாரு மாத்தறாங்க? ஞாயித்துக்கிழமை?"

"மெஷின். போன வருஷத்துலேர்ந்து."

"நல்லது. மெஷினுக்குப் புருஷன் இருக்க மாட்டான்." எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "அவர் உயிரோட இருந்தப்ப எழுதியிருந்தா அவர் எனக்குப் பதில் சொல்லியிருக்கணும். இப்ப எழுதினா நீ ராத்திரி நல்லாத் தூங்குவ. அதுக்குத்தான் வந்தியா?"

"உன் பேர்ல இருக்கற பழி போகணும்."

"யாருகிட்டேர்ந்து போகணும்? கழிவுநீர் நிலையத்துல எல்லாரும் என்ன நல்லாத்தான் பாக்கறாங்க. உன் பழிய நீ எங்க வேணா எறக்கி வெச்சுக்க. என் வீட்டு மேசையில வேணாம்." குரல் உயரவே இல்லை. "நாலு மணிக்கு நான் கிளம்பணும். சாக்கடைக்கும் ஞாயித்துக்கிழமை தெரியாது."

நான் எழுதினேன். எட்டுப் பக்கம். மே மாதம் இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஜூலையில் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட பேராசிரியர் காலமாகிவிட்டதாலும், உதவியாளர் தாமாக ஓய்வு பெற்றவர் என்பதாலும், விசாரணையை மீண்டும் திறக்க முகாந்திரம் இல்லை, உங்கள் வெளிப்படைத்தன்மையைப் பாராட்டுகிறோம். இதழ்க்காரர்கள் அந்தக் கட்டுரைக்கு ஏற்கெனவே ஒரு திருத்தம் வந்துவிட்டது, திருத்தத்துக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை என்றார்கள். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. யாரும் என்னிடம் முகம் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தாழ்வாரத்தில் ஒருவர் என் தைரியத்தை மெச்சினார்.

கடிதத்தின் நகலையும் இரண்டு பதில்களையும் ஒரு உறையில் போட்டு மார்லிஸுக்கு அனுப்பினேன். செப்டம்பரில், ஊரில் கருவிகள் விற்கும் கடையில் சோல்வையைப் பார்த்தேன். அம்மாவின் தாடை, அப்பாவின் உயரம். இரட்டையர் தள்ளுவண்டியில் தூங்கினார்கள்.

"உறை வந்து சேந்துச்சு" என்றாள்.

"படிச்சாங்களா?"

"பிரிக்கல. என்னையும் பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க." அவள் ஒரு டப்பா ஆணியை எடுத்துக் கூடையில் போட்டாள். "இனிமே எதுவும் அனுப்ப வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. மரியாதையாத்தான் சொல்லச் சொன்னாங்க."